தண்ணீருக்குப் போட்ட வேலி

கிழக்கே போகப் போக யாழ்ப்பாணப் பட்டணத்துக்குக் களைப்பு வந்துவிடும். முதலில் கடைகள் ஓயும், பிறகு மதில்கள் ஓயும், அதற்குப் பிறகு தாரும் ஓய்ந்து, ஓர் ஒடுங்கிய ஒழுங்கை மட்டும் அரை மனதோடு கொஞ்சத் தூரம் நடந்து தரவைத் தாழ்நிலத்தில் போய் இறங்கிவிடும். அந்த ஒழுங்கையின் கடைசி வீடு சுபாஸ்கரனுடையது. அதற்கு அப்பால் வீடு இல்லை, வெளிதான். வெயில் காலத்தில் அங்கே வெடித்த சேறும் மாடுகளின் கால் தடமும் கிடக்கும். மாரி பிறந்துவிட்டால் கடலேரி வரைக்கும் ஒரே தண்ணீர், அதற்கு மேல் ஒரே வானம். இரண்டில் எது எங்கே முடிகிறது என்று விடியற்காலையில் யாராலும் சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்து மனிதனின் கையில் இரண்டு முழம் நிலத்தைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் அதற்கு வேலி போடுவான். அதை வைத்து என்ன செய்வது என்பதைப் பிறகுதான் யோசிப்பான். வேலிக்கென்று வெட்டிய பச்சைக் கதியாலை நடும்போது ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளி நடாவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. இதில் நாங்கள் விதிவிலக்கு என்று யாரும் மார்தட்ட வேண்டாம். ஆனால் சுபாஸ்கரன் எங்கள் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். அவர் தண்ணீருக்கே வேலி போட்டார்.

அது நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற புதிது. ஆவணி மாதம், தரவை காய்ந்து பாளம் பாளமாகக் கிடந்தது. அவருடைய காணி வீட்டுக்குப் பின்னால் சரிந்து சரிந்து தரவைக்குள் இறங்கும் காணி. எல்லை எது என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. தெரியாததெல்லாம் தன் பக்கம்தான் என்று அவர் முடிவு கட்டினார். ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டி நிறையப் பூவரசங் கதியால்களை வெட்டுவித்துக் கொண்டுவந்து, பின்பக்கத்துப் பெரிய பள்ளத்தைச் சுற்றி வட்டமாக நட்டு, முள்ளுக்கம்பி இழுத்து, ஆணி அடித்து முடித்தார். பக்கத்தில் நின்று பார்த்த மனைவி மகாதேவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, மாரியிலை இதுக்குள்ளை இடுப்பளவு தண்ணியெல்லோ நிக்கும்?"

"நிக்கட்டும். எங்கடை தண்ணி."

ஐப்பசியில் மழை இறங்கியது. வேலிக்குள்ளும் தண்ணீர், வேலிக்கு வெளியிலும் தண்ணீர். நடுவில் முள்ளுக்கம்பி ஒருவருக்கும் பிரயோசனம் இல்லாமல் நின்றது. ஒழுங்கையில் சிரித்தார்கள். 'தண்ணி வேலியார்' என்று பட்டமும் வைத்தார்கள். சுபாஸ்கரன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வெயிலுக்கு மண் கொண்டுவந்து பறித்துப் பள்ளத்தை நிரப்பிவிட்டால் அதற்குப் பிறகு யார் சிரிப்பார்கள்? ஆனால் அடுத்த வெயிலுக்கு மண் கிடைக்கவில்லை. அதற்கடுத்ததில் கொரோனா வந்தது. அதற்குப் பிறகு டீசல் இல்லை, சீமெந்து விலையோ தொட முடியாத விலை. அவர் காத்திருந்தார். கதியால்கள் காத்திருக்கவில்லை.

பூவரசுக்குக் கால் நனைந்தால் போதும். கம்பு துளிர்த்தது, துளிர் கிளையானது, கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. சில மாரிகள் போனதும் அந்த வேலி தண்ணீருக்குள் வட்டமாக நிற்கும் ஒரு சின்னக் காடாகிவிட்டது. காலையில் மஞ்சளாய்ப் பூத்து, பின்னேரம் சிவந்து, அப்படியே உதிர்ந்து தண்ணீரில் மிதக்கும். முதலில் இரண்டு நீர்க்காகங்கள் சிறகு காய வைக்க வந்தன. பிறகு கொக்குகள் வந்தன. கொக்குகளைப் பார்த்து நாரைகளும் வந்தன. மார்கழிக்கு முன்னமே ஒவ்வொரு மரத்திலும் சுள்ளிக் கூடுகள் தெரியத் தொடங்கிவிடும். சில வருஷம் தூரத்தில், தண்ணீரும் வானமும் சேரும் இடத்தில், பூநாரைகள் ஒரு இளஞ்சிவப்புக் கோடாக வந்து நின்றுவிட்டுப் போகும். அவை நிற்கும் நாட்களில் ஒழுங்கையில் யாரும் உரத்துப் பேசுவதில்லை. ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

சுபாஸ்கரனின் பின் விறாந்தை அந்த வட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. காலை வெயில் தண்ணீரில் பட்டுத் திரும்பி விறாந்தையின் முகட்டில் வந்து நெளியும். சாய்மனைக் கதிரையில் மல்லாந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், வீடே கட்டவிழ்ந்து மெல்ல மெல்ல எங்கோ நகர்வதுபோல் இருக்கும். பட்டணத்து ஓட்டோக்களின் இரைச்சல் ஒழுங்கை முகப்போடு நின்றுவிடும். வாடைக்காற்று தண்ணீர் முழுவதையும் தடவி வந்து காலைத் தொடும். சுபாஸ்கரன் தினமும் அங்கேதான் இருந்தார், தினமும் அங்கேதான் கண் அயர்ந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும், "காணியைப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்பார்.

அவருக்கு வேறு காணி இல்லையா என்றால், இருந்தது. தெல்லிப்பழைக்கு வடக்கே, அவர் பிறந்த வீட்டுக் காணி. இருபத்தேழு வருஷம் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே கிடந்துவிட்டு விடுபட்டது. விடுபட்ட கிழமையே போய்ப் பார்த்தார். வந்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் இங்கே தண்ணீருக்கு வேலி போட்டார். அதற்குப் பிறகு வடக்குப் பக்கம் போகும் பஸ்ஸில் அவர் கால் வைத்ததில்லை. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதுமில்லை.

இவ்வளவு காலமும் சும்மா கிடந்த பள்ளத்துக்கு இந்த வருஷம் திடீரென்று அவசரம் வந்தது. காரணம் மகள் வினோஜா. ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். இரவு வேலை முடித்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் பின் விறாந்தைப் படியில் குந்தியிருந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடிப்பாள். பாதிக் கோப்பையிலேயே தலை தூணில் சாய்ந்துவிடும். அவளுக்குக் கஜீபன் என்ற வங்கி உத்தியோகத்தனைப் பேசி, சாதகமும் பொருந்தி, இருவரும் கதைத்துப் பார்த்து, பிடித்தும் போயிற்று. அப்படிப் பொருந்தி வருவது லேசில் நடக்கிற காரியமா? வினோஜாவின் முகத்தில் பல வருஷமாகக் காணாத ஒரு வெளிச்சத்தைத் தாயும் தகப்பனும் கண்டார்கள்.

கஜீபனின் தாய் பூரணம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பிள்ளைகளுக்கு என்று ஒரு வீடு வேண்டும்.

"அதுக்கென்ன, பின்காணியிலை கட்டிக் குடுப்பம். தையிலை அத்திவாரம், ஆனியிலை கலியாணம்" என்று சுபாஸ்கரன் வாக்குக் கொடுத்துவிட்டார். பின்காணி என்று அவர் சொன்னது அந்தப் பூவரசு வட்டத்தை. வீட்டையும் முன் முற்றத்தையும் விட்டால் வேறு இடம் அவரிடம் இல்லை. பள்ளம் நிரம்பாவிட்டால் வீடு இல்லை. வீடு இல்லாவிட்டால், இந்தச் சம்பந்தம் இருக்குமோ இல்லையோ யாருக்குத் தெரியும்?

கார்த்திகைக் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு நாள் மத்தியானம், பூரணம் காணி பார்க்க வந்தார். பட்டணத்தின் நட்ட நடுவில் இருப்பவர். அவர் வீட்டுக்கு மூன்று பக்கமும் மாடிகள் எழும்பிவிட்டன, நாலாவது பக்கம் ஒரு கடையின் ஜெனரேற்றர். கணவர் இறந்தபின் தனியாக மகனை ஆளாக்கியவர், கண்ணால் எடை போட்டுப் பழகியவர். வந்ததும் வராததுமாய்க் கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி அள்ளி, உள்ளங்கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்துப் பார்த்தார்.

"நல்ல தண்ணி" என்றார்.

"பின்னாலை வெள்ளம் நிக்கிற காலத்திலை இனிப்புத்தான் அக்கா. அது வத்திப்போனால் கொஞ்சம் சவர் தட்டும்" என்றாள் மகாதேவி.

சுபாஸ்கரன் மனைவியை முறைத்தார். நிரப்பப்போகிற வெள்ளத்தைப் பற்றி இவள் ஏன் இப்போது நல்ல சாட்சி சொல்கிறாள்? பூரணத்தை அவசரமாகப் பின் விறாந்தைக்குக் கூட்டிப்போய்ச் சாய்மனைக் கதிரையில் இருத்தினார். மகாதேவி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.

"அந்தப் பூவரசு வட்டம் தெரியுதெல்லோ? அவ்வளவும் எங்கடைதான். இப்ப தண்ணி நிக்குது, அதைப் பாக்காதேங்கோ. மண் பறிச்சு உயத்தினால் றோட்டு மட்டத்துக்கு வந்திடும். முன்னுக்கு ஹோல், வலப்பக்கம் ரெண்டு அறை, குசினி அந்தக் கரைக்கு..." தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டி நீட்டிச் சுவர் எழுப்பிக்கொண்டே போனார். மாடி வைக்கலாமா என்ற கட்டத்துக்கு வந்தபோது அபிப்பிராயம் கேட்கத் திரும்பினார்.

பூரணம் நித்திரை.

கைப்பை மடியில் இருந்தது, ஒரு செருப்பு கழன்று கிடந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. முகட்டில் நெளிந்த வெளிச்சம் அவருடைய முகத்திலும் நெளிந்தது. சுபாஸ்கரன் இருமிப் பார்த்தார். ஒரு கானாங்கோழி மட்டும் பதில் சொல்லிற்று. மகாதேவி தேத்தண்ணியோடு வந்து, பார்த்து, வந்த காலோடு திரும்பினாள். தேத்தண்ணி ஆறியது. அன்றைக்குப் பகல் வேலை முடித்து வந்த வினோஜா வருங்கால மாமியாரைக் கதிரையில் கண்டு திடுக்கிட்டாலும், எழுப்ப மனமில்லாமல் பக்கத்துப் படியில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய தலையும் தூணில் சாய்ந்தது. குசினி நிலைப்படியில் இருந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மகாதேவியின் கையும் ஓய்ந்தது. தண்ணீருக்கு மேலாக வந்த காற்று ஒவ்வொருவர் மேலும் ஒரு போர்வையை இழுத்து விட்டுப் போவதுபோல் இருந்தது. மரங்களில் கொக்குகளும் ஒற்றைக் காலில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டன. வீட்டில் விழித்திருந்தது சுபாஸ்கரன் ஒருவர்தான். தன் சொந்த வீட்டில் அவர் திருடனைப்போல் அடிமேல் அடி வைத்து நடந்தார்.

பொழுது சாயும் நேரம் பூரணம் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று சற்று நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. சேலையைச் சரி செய்தார், செருப்பைத் தேடினார், "நான் போகவேணும்" என்றார். அவ்வளவுதான். காணியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஓட்டோ போன பிறகு சுபாஸ்கரன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுது. வெள்ளத்தைக் கண்டு அவவுக்கு மனம் விட்டிட்டுது."

"உங்களுக்கென்ன விசரே? அவ நித்திரை கொண்டவ. அவ்வளவுதான்."

"சம்பந்தம் பேச வந்த வீட்டிலை ஆரும் நித்திரை கொள்ளுவினமே மகாதேவி? அது முகத்தைத் திருப்பிற ஒரு விதம். உங்கடை காணியைப் பாக்க எனக்குக் கண்ணில்லை எண்டு சொல்லாமல் சொல்லிப்போட்டுப் போறா."

எல்லாவற்றிலும் உள்ளர்த்தம் தேடுவது எங்களுடைய பழைய வியாதி. கலியாண வீட்டில் யார் எந்த வரிசையில் இருந்தார்கள், யார் பாயாசத்தை மிச்சம் விட்டார்கள் என்பதை வைத்தே பத்து வருஷப் பகையை நடத்தக்கூடியவர்கள் நாங்கள். பாவம், ஒரு மனுஷி களைத்துத் தூங்கினாள் என்பது மட்டும் எங்கள் புத்திக்கு எட்டாது. சுபாஸ்கரன் அன்றிரவே பாசையூர் எமில்ராஜுக்குத் தொலைபேசி எடுத்தார். எமில்ராஜிடம் மண் ஏற்றும் டிப்பர் லொறிகள் இரண்டு இருந்தன.

"நாளையிண்டைக்கு விடிய மண்ணோடை வாறன் அண்ணை. முன்பக்கத்திலை ரெண்டு மூண்டு மரத்தை வெட்டி வழி எடுத்து வையுங்கோ" என்றான் அவன்.

மகாதேவி கேட்டுக்கொண்டு நின்றாள். "போன வருஷப் பெருமழைக்கு இந்த ஒழுங்கை வெள்ளமெல்லாம் எங்கடை வளவாலை ஓடி உந்தப் பள்ளத்துக்குத்தானே வடிஞ்சது? உதை நிரப்பினால் அது எங்கை போறது?"

"அதைக் கவுண்மேந்து பாக்கும்."

மகாதேவி குசினிக்குள் திரும்பிப் போனாள். அவளுக்கும் மகளின் கலியாணம்தானே பெரிது.

சொன்ன நாள் விடிந்தது. வினோஜா இரவு வேலையில் இருந்து இன்னும் வரவில்லை. சுபாஸ்கரன் சாரத்தை மடித்துக் கட்டி, கத்தியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். பனிப்புகார் இறங்கியிருந்தது. இரண்டு எட்டு வைத்துத் திரும்பினால் வீட்டைக் காணவில்லை. முழங்கால் வரை இளஞ்சூடாகத் தண்ணீர், அதற்கு மேல் குளிர். நடக்க நடக்கப் பூவரசம் பூக்கள் வழி விட்டு விலகி, பின்னால் மறுபடி சேர்ந்துகொண்டன. ஏழு வருஷம் விறாந்தையில் இருந்து பார்த்த இடத்துக்குள் மாரி காலத்தில் அவர் இறங்கியது அதுதான் முதல் தடவை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இல்லை, இருந்தது. சுற்றிவர நூறு சின்னத் தொண்டைகள் மூச்சு விடுவதுபோல் ஏதோ ஒன்று இருந்தது. தான் நித்திரையில் நடந்து வருகிறோமோ என்றுகூட அவருக்கு ஒரு கணம் பட்டது.

முதல் மரத்தடிக்கு வந்து கத்தியை ஓங்கப் பார்த்தார். அண்ணாந்தார். கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கூடு. கூட்டில் ஒரு கொக்கு. அது கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தது. பறக்கவில்லை. அடியில் முட்டை இருக்கும். அல்லது குஞ்சு இருக்கும்.

"சூ" என்றார். "போ, போ."

அது அசையவில்லை. கத்தியை இடக் கைக்கு மாற்றிக்கொண்டு, வலக் கையை உயர்த்தி, வெளிப்பக்கமாக வீசினார். கோபமாக இல்லை. முற்றத்தில் காயும் நெல்லில் வாய் வைத்த கோழியை விரட்டுவதுபோல், சாதாரணமாக.

வீசிய கை பாதியில் நின்றது.

அந்தக் கையை அவருக்குத் தெரியும்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த வருஷங்களில், வெள்ளிக்கிழமைகளில், அவர் வடக்கே போகும் பஸ் ஏறி முள்ளுக்கம்பி வரைக்கும் போவார். அதற்கு அப்பால் போக முடியாது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அவர் வீட்டு மாமரத்தின் தலை மட்டும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். காவலுக்கு நின்ற இராணுவப் பொடியனுக்கு இருபது வயது இருக்கும். அவன் ஒருநாளும் ஏசியதில்லை, துவக்கை நீட்டியதில்லை. கையை மட்டும் உயர்த்தி வெளிப்பக்கமாக இப்படி வீசுவான். போ, போ. ஓர் அரசாங்க உத்தியோகத்தர், தாயையும் தகப்பனையும் அந்த வளவில் இருந்து எரிக்கக் கொண்டுபோனவர், அந்தக் கைக்குத் திரும்பி நடப்பார். பஸ்ஸில் வந்து ஏறும்வரை பின்னால் திரும்பிப் பார்க்கமாட்டார். பார்த்தால் அழுதுவிடுவார்.

கடைசியில் காணியை விட்டார்கள். போய் நின்றபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்குள் கொடி படர்ந்திருந்தது. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் வேலியைக் காணவில்லை. ஒரு கதியால்கூட மிச்சம் இல்லை. தன்னுடையது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஒரு பற்றைக் காட்டின் நடுவே நின்றுகொண்டிருந்தார். அங்கே தேடிக் கிடைக்காத வேலியைத்தான் இங்கே வந்து தண்ணீரில் நட்டார். அது அவருக்கு இப்போதுதான் விளங்கியது.

சுபாஸ்கரன் குனிந்து பார்த்தார். தண்ணீருக்குள் ஒரு மனிதன் கையை உயர்த்தியபடி நின்றான். அவன் முகத்துக்குக் குறுக்கே முள்ளுக்கம்பி ஓடியது. தான் கம்பிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. வெட்கத்தோடு கையை மெல்லக் கீழே விட்டார். கொக்கு கழுத்தை மடித்து மறுபடி கூட்டில் அமர்ந்தது.

ஒழுங்கையில் டிப்பரின் ஹோர்ன் கேட்டது. நனைந்த சாரத்தோடு சுபாஸ்கரன் முன் கேற்றுக்கு வந்தார்.

"தம்பி, மண் வேண்டாம்."

எமில்ராஜ் வாயைப் பிளந்தான். "அண்ணை, ரெண்டு டிப்பரும் ஏத்தியாச்சே! இதை நான் எங்கை கொண்டுபோய்க் கொட்டுறது?"

"இந்த ஒழுங்கை முழுக்கக் கிடங்கும் குழியும்தானே. அதுக்குள்ளை பறி. காசு பேசினபடி தாறன்."

'தண்ணி வேலியார்' கடைசியில் மண்ணைக் கொண்டுவந்து றோட்டுக்குப் போட்டார் என்று ஒழுங்கை அன்றைக்கு முழுக்கச் சிரித்தது. ஆனால் சுபாஸ்கரன் சிரிக்கும் நிலையில் இல்லை. மகளின் வாழ்க்கையை அல்லவா அந்தக் கூட்டுக்காகப் பணயம் வைத்துவிட்டார்? மகாதேவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், உடுப்பும் மாற்றாமல், பின் விறாந்தையில் நின்றபடியே பூரணத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"நான் வினோஜாவின்ரை அப்பா கதைக்கிறன்."

"ஓம், சொல்லுங்கோ அண்ணை."

"பின்காணியிலை வீடு கட்டேலாது. நிரப்பலாமெண்டு நினைச்சனான், என்னாலை ஏலாமல் போச்சு." "இப்ப நாங்கள் இருக்கிற இந்த வீட்டையே பிள்ளைக்கு எழுதித் தாறன். பழைய வீடு. புதுசு எண்டு நான் பொய் சொல்லேல்லை. உங்களுக்கு மனமில்லையெண்டால் சொல்லுங்கோ. நான் குறை நினைக்கமாட்டன்."

மறுமுனையில் ஜெனரேற்றரின் இரைச்சல் மட்டும் கேட்டது. சுபாஸ்கரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணை, அந்தப் பின் விறாந்தையும் வீட்டோடை சேர்த்தியோ?"

"என்ன?"

"நான் இருந்த விறாந்தை. அதுவும் சேர்த்தியோ எண்டு கேக்கிறன்."

"ஓம். சேர்த்திதான்."

"அதுக்கு முன்னாலை ஒண்டும் எழும்பாதோ?"

"எழும்பாது."

"அந்தச் சாய்மனைக் கதிரை?"

சுபாஸ்கரன் திரும்பிப் பார்த்தார். அது அவருடைய கதிரை. "அதையும் வைச்சிட்டுப் போறன்" என்றார்.

"அப்ப எனக்குக் கதைக்க ஒண்டும் இல்லை அண்ணை." பூரணத்தின் குரல் இளகியிருந்தது. "அண்டைக்கு உங்கடை வீட்டிலை வந்து அப்பிடி நித்திரை கொண்டது எனக்குப் பெரிய வெக்கமாய்ப் போச்சு. என்னண்டு கதைக்கிறதெண்டு தெரியாமல்தான் இந்த ரெண்டு நாளும் பேசாமல் இருந்தனான். இவர் போனதுக்குப் பிறகு நான் பகல்லை கண் மூடினதில்லை. உங்கை வந்து ஒரு காத்துப் பட்டுது. பேந்து ஒண்டும் தெரியாது. நீங்கள் அதுக்குள்ளை மாடியெல்லாம் கட்டிக்கொண்டிருந்தியள், எழும்பி உங்களை நிப்பாட்டவேணும் போலை கிடந்தது. ஏலேல்லை." பிறகு கேட்டார். "அதுசரி, பிள்ளையளுக்கு வீட்டைக் குடுத்திட்டு நீங்கள் ரெண்டுபேரும் எங்கை போவியள்?"

"எனக்கு வடக்கை காணி இருக்கு" என்றார் சுபாஸ்கரன்.

சொன்ன பிறகுதான், அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லி எவ்வளவு காலம் என்று அவருக்கு உறைத்தது. எனக்குக் காணி இருக்கு. தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினார். குசினி நிலைப்படியில் மகாதேவி நின்றாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்கை வேலி ஒண்டும் இல்லையெண்டு சொன்னியள்" என்றாள்.

"நான் எப்ப சொன்னனான்?"

"நித்திரையிலை சொல்லுவியள்."

அவர் குனிந்து நனைந்த சாரத்தைப் பிழிந்தார்.

"போய் வேலி போடப்போறியளோ?"

"பாப்பம்" என்றார். நெடுநாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள்.

வெயில் ஏறிப் புகார் கலைந்தபோது சுபாஸ்கரன் மறுபடி தண்ணீருக்குள் இறங்கினார். இந்தத் தடவை கையில் குறடு. மரம் மரமாகப் போய் ஆணிகளைக் கழற்றி, முள்ளுக்கம்பியை இழுத்துச் சுருட்டினார். துருப் பிடித்த கம்பி கையில் மாவாய்க் கொட்டியது. சில மரங்களில் கம்பியைக் காணவே இல்லை. பட்டை வளர்ந்து அதை உள்ளே விழுங்கியிருந்தது. அங்கே இரண்டு பக்கமும் நறுக்கிவிட்டு, உள்ளே போனதை மரத்துக்கே விட்டார்.

வினோஜா வேலை முடிந்து வந்தாள். நடந்ததைத் தாய் சொல்லியிருக்க வேண்டும். அவள் படியில் குந்தவில்லை, தேத்தண்ணியும் கேட்கவில்லை. வெள்ளை உடுப்பின் கரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி தகப்பன் நின்ற இடத்துக்கு நடந்து வந்து, சுருட்டிய கம்பியின் மறு நுனியைப் பிடித்தாள்.

"அப்பா, நீங்கள் இதை வெட்டியிருந்தால் நான் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன்" என்றாள். "ஆனால் எனக்கு அழுகை வந்திருக்கும்."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

அவருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை. இரண்டு பேருமாக வட்டத்தின் கடைசி மரத்துக்கு வந்தார்கள். குறட்டுச் சத்தத்துக்கு அந்த மரத்துக் கொக்கு எழும்பி, தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டில் இருந்து மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்து கத்தின. சுபாஸ்கரன் மகளுக்குக் கண்ணால் சைகை காட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, அது வந்து இறங்கும்வரை அசையாமல் நின்றார்.